டி.எஸ்.பி.யின் வலது கண்

பக்கத்து வீட்டு நாயின் வலது கண்ணும் என் அக்காவின் வேலையும் ஒரே மனுவில் மாட்டிக்கொண்டன. மனுவை எழுதியவர் சிவனணைந்தபெருமாள். அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. முப்பத்தாறு வருஷம் ஊராருக்கு எழுதிக் கொடுத்தவர். காவல்துறையில் ஏட்டாக நெடுங்காலம் இருந்து, கடைசியில் சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றார். மேலகரத்தில் எங்கள் தெரு இன்றும் அவரை ஏட்டையா என்றுதான் சொல்கிறது. தெருவின் மேல் அவருக்கு உள்ள முதல் வருத்தம் அது. இரண்டாவது வருத்தம் எங்கள் வீடு.

2016-இல் எங்கள் தென்னை மட்டை ஒன்று அவர் ஸ்கூட்டர் ஷெட்டின் மேல் விழுந்தது. அதிலிருந்து இரண்டு வீடும் நல்லது கெட்டது எதற்கும் பேசிக்கொள்வதில்லை, திட்டுவதற்கு மட்டும் பேசுவோம். இந்த வருஷம் என் அக்கா நாச்சியார் நேரடி எஸ்.ஐ. தேர்வில் எழுத்து, ஓட்டம், பந்து எறிதல் எல்லாம் முடித்துத் தேறிவிட்டாள். அவர் முப்பத்தாறு வருஷம் நடந்து போன இடத்துக்கு அவள் இருபத்து நாலு வயதில் பஸ் பிடித்துப் போகிறாள் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. பழைய தென்னை மட்டை மறுபடி விழுந்த மாதிரி இருந்திருக்கும்.

நாயின் பெயர் டி.எஸ்.பி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு டி.எஸ்.பி. அவரைத் தூரத்து ஸ்டேஷனுக்கு மாற்றினார். அந்த வாரமே ஏட்டையா ஒரு ராஜபாளையம் குட்டி வாங்கி அந்தப் பெயரை வைத்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் "டி.எஸ்.பி., உக்காரு", "டி.எஸ்.பி., கையக் குடு" என்று தெருவுக்கே கேட்கும்படி உத்தரவு போடுவார். நாயும் கீழ்ப்படியும். நாய் என்றால் அவருக்கு உயிர். அவருடைய விரோதிகளான நாங்களே அதை மறுத்ததில்லை.

நான் முத்துகுமரன், நாச்சியாரின் தம்பி. கல்லூரி போன நேரம் போக தென்காசியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் செய்கிறேன். ஏட்டையா எங்கள் கடையின் நிரந்தர வாடிக்கையாளர். வீட்டில் பேசாத மனிதர் கடையில் பேசுவார், ஏனென்றால் கடை எங்களுடையது அல்ல. தை மாதம் பொங்கல் வாழ்த்து, பங்குனியில் பேரனுக்குக் காதுகுத்து, வைகாசியில் மகளின் புது வீட்டுப் பால்காய்ப்பு என்று இந்த வருஷம் மட்டும் மூன்று ஃப்ளெக்ஸ். மூன்றிலும் வாழ்த்துவோர் வரிசையில், சித்தப்பாவுக்கும் மச்சானுக்கும் நடுவில், வட்டத்துக்குள் டி.எஸ்.பி. இருக்கும். படங்களை அவர் தன் போனிலிருந்து அனுப்புவார். கூடவே எழுதுவார்: மீசை, தலைமுடி கறுப்பு.

இப்போது ஆனிக்கு வருகிறேன்.

நாச்சியார் தேர்வு முடிந்த பிறகும் சாயங்காலம் காலிமனையில் கிரிக்கெட் பந்தை எறிந்துகொண்டிருந்தாள். கை மறந்துவிடக் கூடாதாம். ஆனி இரண்டாம் தேதி ஒரு பந்து சுவரைத் தாண்டி ஏட்டையா வீட்டுக்குள் விழுந்தது. பந்து திரும்பி வரவில்லை. மூன்று வாரம் கழித்து மனு வந்தது. பந்து நாயின் வலது கண்ணில் பட்டு, கண் வெளியே தள்ளிவிட்டதாம். மிருகவதைச் சட்டப்படி நடவடிக்கை எடுக்க வேண்டுமாம்.

ஸ்டேஷனுக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் மேஜையில் ஏட்டையாவின் மனு இருந்தது. அதற்குக் கீழே, நான் எட்டிப் பார்த்த வரையில், நாச்சியாரின் நன்னடத்தை விசாரணைப் படிவமும் இருந்தது. அதில் ஒரு கேள்வி: விண்ணப்பதாரர் மீது வழக்கு ஏதும் உண்டா?

ஏட்டையா ஒரு பாலித்தீன் பையில் பந்தை வைத்தார். பிறகு பால்காய்ப்பு ஃப்ளெக்ஸைச் சுருள் பிரித்துத் தரையில் விரித்தார். அதன் மேல் யாரும் கால் வைக்கக் கூடாது என்பதால் இரண்டு கான்ஸ்டபிள்கள் சுவரோரமாக ஒட்டிக்கொண்டார்கள்.

"சார், நல்லாப் பாருங்க. இது வைகாசி இருவத்தொண்ணு. கண்ணு ரெண்டும் ஒண்ணுபோல இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இன்னைக்கு வலது கண்ணு கோழிமுட்டை கணக்கா வெளிய நிக்கி. நடுவுல நடந்தது ஒண்ணே ஒண்ணு. இந்தப் புள்ள எறிஞ்ச பந்து."

"பந்து நாய் மேல படல சார், செடிக்குள்ளதான் விழுந்துச்சு" என்றாள் நாச்சியார்.

"நீ பாத்தியா?"

"சுவருக்கு அந்தப் பக்கம் நான் எப்படிப் பாப்பேன்?"

"பாக்கலேங்கா. எழுதிக்கிடுங்க சார்."

நான் ஃப்ளெக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் இரண்டும் உண்மையிலேயே ஒன்றுபோல இருந்தது. இருக்கத்தான் செய்யும். இடது கண்ணை வெட்டி, திருப்பி, வலது பக்கம் ஒட்டியவன் நான்.

எங்கள் தொழிலில் இது குற்றம் இல்லை. ஃப்ளெக்ஸில் வருகிற எல்லாரையும் திருத்துவோம். கறுப்பை மாநிறம் ஆக்குவோம், வழுக்கையில் முடி நடுவோம், மாறுகண்ணை நேராக்குவோம். தை மாதமே நாயின் வலது கண் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. போனைக் கிட்டத்தில் வைத்து எடுத்ததால் அப்படி என்று நினைத்துச் சரிசெய்தேன். பங்குனியில் இன்னும் பெரிது, மறுபடி சரிசெய்தேன். வைகாசியில் கண்ணின் மூலையில் சவ்வு மாதிரி ஒன்று தெரிந்தது. அதையும் எடுத்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. செய்ததை யாரிடமும் நான் சொல்லவும் இல்லை. வேலை அவ்வளவு சுத்தம்.

இன்ஸ்பெக்டர் மனுவை மடித்தார். "அடிபட்ட கண்ணா, நோய் வந்த கண்ணான்னு மாட்டு டாக்டர் எழுதித் தரட்டும். வாற திங்கக்கிழமை வரைக்கும் பாக்கேன். அடின்னு எழுதிட்டா எஃப்.ஐ.ஆர். போடாம இருக்க முடியாது. போட்டா இந்தப் படிவத்துல நான் என்ன எழுதணும்னு உனக்கே தெரியும்மா."

நாச்சியார் தலையாட்டினாள். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள்: "நாளைக்கு டாக்டர்ட்ட அந்த ஆளு என்ன பேசுதான்னு நீ கூட நின்னு கேக்க. இல்ல, வீட்டுப் பக்கம் வராத."

கால்நடை ஆஸ்பத்திரியில் ஜாய் டாக்டரம்மாவுக்கு இரண்டு காலில் வருகிற யாரையும் பிடிக்காது. என்னையும் ஏட்டையாவையும் ஒரே மாதிரி முறைத்துவிட்டு நாயிடம் மட்டும் குனிந்து பேசினார்.

முதலில் நாயின் இரண்டு இமைகளையும் மூடி, மேலே கட்டைவிரல்களை வைத்து மெதுவாக அழுத்தினார். இடது கண் உள்ளே போய்த் திரும்பி வந்தது. வலது கண் அசையவில்லை. பிறகு நாயின் வாயை அகலத் திறந்து கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். நாய் சும்மா இருந்தது.

"கண்ணு பெருசாகல. சைஸ் அதேதான்" என்றார். "பின்னால இருந்து என்னமோ தள்ளுது. சீழா இருந்தா வாயைத் தொறந்ததும் வலியில கத்தும், இது கத்தல. அப்ப ரத்தம் கட்டியிருக்கலாம். இல்ல, ஏதாவது வளரலாம். எவ்வளவு நாளா இப்படி?"

"மூணு வாரம். பந்து பட்ட அன்னையிலேருந்து" என்றார் ஏட்டையா. பையிலிருந்து ஃப்ளெக்ஸை உருவினார்.

டாக்டரம்மா விரித்த ஃப்ளெக்ஸையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார். "வளர்ற கட்டின்னா மாசக்கணக்குல மெதுவாத் தள்ளும். ஒரு மாசம் முன்னால கண்ணு இப்படி நல்லா இருந்திருக்குன்னா, அடிபட்டு உள்ள ரத்தம் கட்டுனதா இருக்கத்தான் வாய்ப்பு. அஞ்சு நாள் மருந்து குடுங்க. குறைஞ்சா அடி. குறையலன்னா ஸ்கேன்."

நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். நாய் திறந்தது, நான் திறக்கவில்லை. ஏட்டையா பக்கத்தில் ஒரு தடி இருந்தது.

டாக்டரம்மா எழுதிய சீட்டில் 'அடிபட்டதால் இருக்க வாய்ப்பு உண்டு, உறுதி இல்லை' என்று இருந்தது. ஏட்டையா முதல் பாதியை இரண்டு தடவை படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்தார். "உங்க அக்காட்ட சொல்லு. யூனிஃபார்முக்கு அளவு குடுக்க வேண்டாம்னு" என்றார்.

வீட்டில் நாச்சியாரிடம் உண்மையைச் சொன்னேன். எறியத் தெரிந்தவள் என்பதால் வாசற்படியில் நின்றுதான் சொன்னேன்.

"எத்தனை கண்ணுலே?" என்று கேட்டாள்.

"மூணு. ஒரு ஃப்ளெக்ஸுக்கு ஒண்ணு."

"யாரு சொல்லி?"

"யாரும் சொல்லல. அவரு மீசையக் கறுப்பாக்கும்போது, அப்படியே நாயையும்..."

"செத்த மூதி! டாக்டர் கேக்கும்போது ஏம்ல சொல்லல?"

"என்னக் கேக்கல. அவரத்தான் கேட்டாவ."

பந்து வரவில்லை, செருப்பு வந்தது. "உள்ள கட்டி வளந்துகிட்டு இருக்கும், அந்த ஆளு ரத்தக்கட்டுக்கு மருந்து குடுத்துக்கிட்டு இருப்பான். நாய் செத்தா, அதையும் நான் கொன்னதா எழுதுவான். பழைய படம் இருக்காலே?"

இருந்தது. கடை கம்ப்யூட்டரில் எதையும் அழிப்பதில்லை, சோம்பல்தான் காரணம். தை, பங்குனி, வைகாசி மூன்றையும் கை வைக்காத நிலையில் எடுத்து வரிசையாக வைத்தேன். தனித்தனியாகப் பார்த்தபோது தெரியாதது வரிசையில் தெரிந்தது. தையில் வலது கண் ஒரு நூல் முன்னால். பங்குனியில் வெள்ளை தெரிந்தது. வைகாசியில் மூலைச் சவ்வு மேலேறி, பார்வை வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. மூன்றையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். கடையில் இருந்த ஒரே பொருளில், அதாவது ஆறுக்கு நாலு ஃப்ளெக்ஸில்.

வெள்ளிக்கிழமை காலை ஏட்டையா வீட்டில் இல்லை. நாயோடு குற்றாலம் போயிருப்பதாக அவர் மனைவி குருவம்மாள் கதவைத் திறக்காமல் சொன்னாள். மருந்தில் கண் குறையவில்லை, அதனால் அருவித் தண்ணீர். மலையில் மூலிகைகளைத் தொட்டு வருகிற தண்ணீர் எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று எங்கள் பக்கத்தில் டாக்டர்களே அரைகுறையாக நம்புவார்கள். பிரிண்டைச் சுருட்டிக்கொண்டு நானும் குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன். அருவிக்கரையில் நாயை விட மாட்டார்கள். ஏட்டையா பழைய அடையாள அட்டையைக் காட்டி, கீழே தண்ணீர் ஓடிவரும் கால்வாயில் ஓர் ஓரத்தைப் பிடித்திருந்தார். சாரல் தூறிக்கொண்டிருந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று டி.எஸ்.பி.யின் முகத்தில் கை கையாக அள்ளி விட்டுக்கொண்டிருந்தார். நாய் பொறுமையாக நின்றது. வலது கண் மூட முடியாமல் காய்ந்து, பால் விட்ட மாதிரி மங்கியிருந்தது.

நான் ஃப்ளெக்ஸைக் கரையில் விரித்து நான்கு மூலைக்கும் கல் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

அவர் முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்: "கம்ப்யூட்டர்ல வீங்குன கண்ண நல்ல கண்ணா ஆக்கத் தெரிஞ்சவனுக்கு, நல்ல கண்ண வீங்க வைக்கத் தெரியாதாலே? அக்காளும் தம்பியும் சேந்து சாட்சி தயாரிக்கிய. இதுக்குத் தனியா செக்ஷன் இருக்கு."

இது எனக்குத் தோன்றவே இல்லை. அவர் நல்ல போலீஸ்காரராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"என் படத்த நம்ப வேண்டாம் அண்ணாச்சி" என்றேன். "மூணும் உங்க போன்லேருந்துதான் வந்துச்சு. தேதியோட அதுல அப்படியே கிடக்கும். பாருங்க."

"எனக்குச் சொல்லித் தாரியா? போலே அங்கன."

நான் போகவில்லை. அவர் கரையேறி, நாய் துவட்டும் துண்டில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். தை மாதப் படத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினார். பிறகு பங்குனி. வைகாசிப் படம் வந்ததும் நாயின் தாடையைப் பிடித்துத் தூக்கி, போனை அதன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, அடையாள அட்டை சரிபார்க்கிற மாதிரி வெகுநேரம் பார்த்தார். தூறல் போன் மேல் விழுந்தது. துடைக்கவில்லை.

"வாசல்ல கட்டியிருந்த ஃப்ளெக்ஸத்தான தினமும் பாத்தேன்" என்றார், நாயிடம். "நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு..."

பிறகு என் பக்கம் திரும்பினார். "தையிலேயே இருக்குன்னு டாக்டர்ட்ட சொன்னா என் மனு செத்துப்போவும். அது உனக்கும் தெரியும், உங்க அக்காளுக்கும் தெரியும். அதுக்குத்தான வந்திருக்க?"

"ஆமா" என்றேன். "சொல்லலேன்னா நாய் செத்துப்போவும் அண்ணாச்சி."

அறை இடது கன்னத்தில் விழுந்தது. பணிக்காலத்தில் நிறையப் பயிற்சி இருந்திருக்கும். அவர் கல்லை எடுத்துப்போட்டு ஃப்ளெக்ஸைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நாயை ஸ்கூட்டரின் முன்னால் ஏற்றினார். "இது என் கஸ்டடியில இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தென்காசிப் பக்கம் போனார். நான் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது நாய் மேஜை மேல் படுத்திருந்தது. போன் படங்களைக் காட்டி, ஏட்டையா டாக்டரம்மாவிடம் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் இருந்த ஸ்கேன் மெஷின் பசு சினையா என்று பார்ப்பதற்கானது. டாக்டரம்மா நாயின் கண்ணில் மரத்துப்போகும் சொட்டு விட்டு, பசை தடவி, அந்தக் கருவியை இமை மேல் வைத்தார். திரையில் கறுப்பு வட்டமாகக் கண் தெரிந்தது. அதன் பின்சுவர் உள்பக்கமாக அமுங்கியிருந்தது. பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை.

"ரத்தமில்ல, கட்டிதான். அஞ்சாறு மாசக் கட்டி" என்றார் டாக்டரம்மா. "திருநவேலி கால்நடைக் கல்லூரிக்கு எழுதுதேன். ஊசி போட்டுக் கட்டியிலேருந்து சாம்பிள் எடுப்பாங்க. நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்து நுரையீரலுக்குப் பரவியிருக்கான்னு பாப்பாங்க. பரவலன்னா ஆபரேஷன்."

"கண்ணு?" என்றார் ஏட்டையா.

"கண்ணையும் சேத்து, பின்னால உள்ள எல்லாத்தையும் எடுத்துட்டுத் தச்சிருவாங்க."

"கண்ண வச்சுக்கிட்டுக் கட்டிய மட்டும் எடுக்க முடியாதா டாக்டரம்மா?"

"சின்னதா இருக்கும்போது வந்திருந்தா, பக்கத்து எலும்பத் தொறந்து முயற்சி பண்ணியிருக்கலாம். நீங்க ஏன் தையில கூட்டிட்டு வரல?"

ஏட்டையா தலையைத் திருப்பினார். என்னைப் பார்த்தார். டாக்டரம்மாவும் பார்த்தார். நாய் மட்டும் பார்க்கவில்லை, நான் அதன் வலது பக்கம் நின்றிருந்தேன்.

"நீதான் அந்த டிசைனரா?" என்றார் டாக்டரம்மா. "அன்னைக்கு இங்கன கல்லு மாதிரி நின்னியே, வாய்க்குள்ள என்ன வச்சிருந்த? வெளிய போ."

வெளியே போனேன். ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. ஏட்டையா நாயின் நெற்றியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். உத்தரவு எதுவும் போடவில்லை.

திங்கட்கிழமை ஸ்டேஷனில் அவர் இரண்டு மனு கொடுத்தார். முதலாவது, நாயின் கண்ணுக்குக் காரணம் நோய் என்று டாக்டர் சான்று தந்திருப்பதால் நாச்சியார் மீதான புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்பது. வருத்தம் தெரிவிக்கிறேன் என்ற சொல் அதில் இல்லை. இரண்டாவது மனு என் மேல். 'மேற்படி முத்துகுமரன் எனது நாயின் நோயைக் கம்ப்யூட்டர் மூலம் ஐந்து மாதம் மறைத்து வைத்தது குறித்து' என்று தலைப்பு. இன்ஸ்பெக்டர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதற்குச் செக்ஷன் இல்லை அண்ணாச்சி என்றார்.

"இருக்கணும் சார்" என்றார் ஏட்டையா. நாச்சியாரும் அவர் பக்கம் தலையாட்டினாள். ஒன்பது வருஷத்தில் இரண்டு வீடும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. இன்ஸ்பெக்டர் படிவத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதை அவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தமாக இருந்தது. திருநெல்வேலியில் மூன்று மணி நேரம் ஆபரேஷன் நடந்தது. நாச்சியார் என்னைக் கட்டாயப்படுத்தி அனுப்பினாள். ஏட்டையா என்னை வராந்தாவின் மறுகோடியில் நிற்க வைத்தார். சோதனை முடிவில் கட்டி கெட்ட ரகம்தான், ஆனால் ஓரங்களில் மிச்சம் இல்லை என்று வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருதரம் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு நாள் என்று அவர் கேட்டதற்கு, இப்போதைக்கு அடுத்த எக்ஸ்ரே வரைக்கும் என்றார்களாம்.

ஆடியில் நாச்சியார் பயிற்சிக்குக் கிளம்பினாள். பெட்டியோடு தெருவில் இறங்கியவள் வேண்டுமென்றே டி.எஸ்.பி.யின் வலது பக்கமாக நடந்தாள். அது கழுத்தை முழுவதும் திருப்பி, கண்டுபிடித்து, பழைய வேகத்தில் குரைத்தது.

கேட்டுக்குள்ளிருந்து ஏட்டையா சொன்னார்: "பந்து என்கிட்டதான் இருக்கு. தர மாட்டேன்."

"வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. எஸ்.ஐ.யா வந்து ரெய்டு போட்டு எடுத்துக்கிடுதேன்" என்றாள் அவள்.

"வாரண்ட்டோட வாட்டி!"

ஆவணியில் அவர் பேரனுக்கு முதல் பிறந்தநாள் வந்தது. ஏட்டையா இந்தத் தடவை போனில் படம் அனுப்பவில்லை. நேரில் வந்தார். ஒரு ஸ்டூலை இழுத்து என் தோளுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார். மூச்சு என் காதில் பட்டது. பேரனை நடுவில் வைத்தேன். சித்தப்பாவுக்கும் மச்சானுக்கும் நடுவில் வட்டம் போட்டு டி.எஸ்.பி.யை இறக்கினேன். இடது கண் கேமராவைப் பார்த்தது. வலது பக்கம் முடி வளர்ந்து, தையல் ஒரு கோடாகத் தெரிந்தது. மவுஸ் அந்தப் பக்கமாகப் போனபோது ஸ்டூல் கிறீச்சிட்டது. மவுஸை எடுத்துவிட்டேன்.

கடைசியாக அவர் படம். மீசை முழுக்க வெள்ளை. பழக்கத்தில் பிரஷை எடுத்தேன், பிறகு நிறுத்தி அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"என்னலே பாக்க?" என்றார். "மீசையக் கறுப்பாக்கு. நாயத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன்."